யாரும் போகாத கடல்

கடலுக்கு வரைபடம் போடும் வேலைக்கு என்னை எடுத்தவர்கள், நான் கடலைப் பார்த்திருக்கிறேனா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பார்த்திருக்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். உறவுக்காரர் கல்யாணத்துக்கு மணமேல்குடிப் பக்கம் போனபோது பஸ் ஜன்னலுக்கு வெளியே, ரொம்பத் தூரத்தில், ஒரு கோடு மாதிரி தெரிந்தது. அதுதான் கடல் என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். நம்பிவிட்டேன்.

நான் கீரனூர்க்காரி. எங்கள் ஊரில் பாதிப்பேர் காலையில் திருச்சி பஸ் ஏறுவார்கள், சாயங்காலம் வந்து இறங்குவார்கள். நானும் அப்படி இரண்டு வருஷம் ஏறி இறங்கித்தான் கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் படிப்பை முடித்தேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, குளம் எது, காடு எது, தரிசு எது என்று எல்லை வரைந்து கலர் அடிக்க வேண்டும். சின்ன வயசில் டிராயிங் நோட்டில் செய்ததுதான். இதற்கு மட்டும் சர்டிபிகேட் கொடுத்தார்கள். அந்த சர்டிபிகேட்டோடு புதுக்கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டாவது மாதம் என்ன ஆவேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

வேலை இதுதான். பாடப்புத்தகத்தில் கடல்பசு என்றும் கரையில் ஆவுளியா என்றும் பெயருள்ள ஒரு பிராணி மீமிசல் பக்கத்துக் கடலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது மாடு மாதிரி புல் தின்னும். கடலுக்கு அடியில் அந்தப் புல் எங்கே வளர்கிறது, மீனவர்கள் எங்கே வலை போடுகிறார்கள், இரண்டையும் ஒரே படத்தில் போட வேண்டும். அதைப் பார்த்து, புல் உள்ள ஓர் இடத்தை வலையே விழாத பகுதியாக அறிவிப்பார்கள்.

எங்கள் அதிகாரியை நான் சார் என்றே இங்கேயும் சொல்கிறேன். நல்ல மனுஷர். மீனவர் வயிற்றில் அடித்து ஆவுளியாவுக்குப் புல் போடக்கூடாது என்பதில் அவ்வளவு உறுதி. "யாருமே போகாத இடமாப் பாத்து மூடிடணும். அவங்களுக்கும் நஷ்டம் இல்ல, அதுக்கும் நிம்மதி" என்பார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எங்களுக்கும் வரும். அத்தனை நல்லெண்ணத்தோடு கிளம்பித்தான் நாங்கள் அவ்வளவு பெரிய தப்பைச் செய்தோம்.

மீமிசலைத் தாண்டி ஒரு கரையோர ஊர். அங்கே சின்னப் பைபர் படகு வைத்திருப்பவர்கள் பதினான்கு பேர். எல்லாருக்கும் தொழில் நண்டு வலை. மாலையில் கொண்டுபோய்ப் போடுவார்கள், காலையில் எடுப்பார்கள். நான் ஆளுக்கொரு அச்சடித்த கடல் படமும் நாலு ஸ்கெட்ச் பேனாவும் கொண்டு போயிருந்தேன். பச்சை என்றால் புல், நீலம் என்றால் நண்டு, சிவப்பு என்றால் இறால், கறுப்பு என்றால் யாரும் போகாத இடம். நாலு கலரும் சாருடைய யோசனை. கூட்டமாகக் கேட்டால் ஒருத்தர் முன்னால் ஒருத்தர் உண்மை சொல்லமாட்டார்கள், தனித்தனியாகக் கேள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கேட்டேன். தனித்தனியாகப் பொய் சொன்னார்கள்.

முதலில் வந்தவர் படத்தை நேராகப் பிடித்தார், தலைகீழாகப் பிடித்தார், மீமிசல் எங்கே என்று கேட்டுக்கொண்டார். பிறகு பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஓர் ஓரத்தில் வட்டம் போட்டார். அடுத்தவர், "முந்தி வந்தவன் எங்கிட்டு போட்டான், காட்டுங்க மேடம்" என்றார். அது ரகசியம் என்றேன். ரொம்ப திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அவரும் எங்கோ போட்டார். இன்னொருத்தர், "நாங்க எங்கம்மா போறோம், சும்மா போயிட்டு வாரதுதான்" என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பின்னால் கூடை நிறைய நீலக்கால் நண்டு பரபரவென்று பிறாண்டிக்கொண்டிருந்தது. சும்மா போய்வந்த நண்டு.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தரைத்தான் நான் அண்ணன் என்று கூப்பிடப் போகிறேன். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். அவர் படத்தை மடியில் வைத்து, பத்து நிமிஷம் பேசாமல் பார்த்து, நீலத்தால் வடக்கே ஒரு வட்டம், சிவப்பால் தெற்கே ஒன்று, நடுவில் கறுப்பால் பெரிதாக ஒன்று என்று நிதானமாக வரைந்தார். கறுப்பு வட்டத்தின் ஓரம் கொஞ்சம் கோணலாகப் போனதும் "ரப்பர் இருக்குங்களா" என்று கேட்டார். ஸ்கெட்ச் பேனாவுக்கு ஏது ரப்பர்! ஆனால் அந்தக் கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். இவ்வளவு அக்கறையாக ஒரு மனுஷன் பொய் சொல்லுவான் என்று எனக்கு எங்கே தெரியும்.

புல் எப்படி இருக்கும் என்றே தெரியாமல் பச்சை அடிக்கக்கூடாது, ஒரு தடவை படகில் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வா என்று சார் சொல்லியிருந்தார். யாருடைய படகில் போவது? கரையில் நண்டைப் பெரிசு சின்னது பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, "எங்க வீட்டு ஆளு கூட்டிட்டுப் போவாரு" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டு ஆள்தான் ரப்பர் கேட்ட அண்ணன். அவர் பொண்டாட்டியைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்து வெளிச்சம் வந்தபிறகு கிளம்பினோம். படகுக்குப் போக இடுப்பளவு தண்ணீரில், கணுக்கால் புதையும் சேற்றில் நடக்க வேண்டும். கடலில் சேறு இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சினிமாவில் மணல்தான் காட்டுகிறார்கள். ஒரு செருப்பை அங்கேயே விட்டேன். அரை மணி நேரத்தில் முதல் வாந்தி, முக்கால் மணியில் இரண்டாவது. அண்ணனுடைய திட்டம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. என்னை வடக்கே எங்காவது கூட்டிப்போய் நாலு புல்லைக் காட்டிவிட்டு, கரையில் இறக்கிவிட்டு, அதற்கப்புறம் தன் வலைக்குப் போவதாக இருந்திருக்கிறார். நான் படகை நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லி நேரம் போய்விட்டது. பத்து மணிக்கு மேல் காற்று எழும்பிவிடும். வலையை எடுக்காமல் விட்டால் நண்டு வலையிலேயே செத்துப்போகும், செத்த நண்டை ஏற்றுமதிக்கு வாங்கும் கம்பெனிக்காரன் தொடமாட்டான்.

அவர் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, அந்த மிஷின அமத்துங்க."

ஜி.பி.எஸ். கருவியைச் சொல்கிறார். நாங்கள் போகும் வழியை எல்லாம் அது தானாகக் குறித்துக்கொண்டே வரும்.

"ஏண்ணே?"

"அமத்துங்க. போனையும் அமத்துங்க. நாம போற எடத்த எங்கயும் எழுதப்படாது. சத்தியம் பண்ணுங்க."

"எது மேல?"

அவர் யோசித்தார். "ஒங்க வேல மேல."

பதினோரு மாத வேலை. அதில் ஐந்து மாதம் முடிந்திருந்தது. அதன்மேல் பண்ணுகிற சத்தியத்துக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று அவர் விசாரிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. பண்ணிவிட்டேன். அந்த நிலைமையில் படகைத் திருப்பிக் கரைக்கு விடுவதாகச் சொன்னால் எதன்மேலும் பண்ணியிருப்பேன்.

போன இடத்தில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. குனிந்து பார்த்தால் அடியில் புல். அறுப்புக்கு முந்தின வயல் மாதிரி, ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து. எனக்கு வாந்தி நின்றுவிட்டது. அண்ணன் வலையை இழுக்க ஆரம்பித்தார். நண்டும் புல்லுமாக வந்தது. சுற்றிலும் ஆங்காங்கே சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று மிதவைகள் தெரிந்தன.

"அதெல்லாம் யாரோடது அண்ணே?"

"எதெல்லாம்?"

"அந்த மிதவை."

அவர் நான் காட்டிய பக்கம் பார்த்தார். அரைக் கூப்பிடு தூரத்தில் செக்கச்செவேலென்று ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். அந்தக் கடலின் மரியாதை அது. பதினாலு பேரும் அங்கேதான் வலை போடுகிறார்கள். பதினாலு பேருக்கும் அது தெரியும். ஆனால் ஒருத்தர் மிதவை ஒருத்தர் கண்ணுக்குத் தெரியாது. கரையில் எங்கே போனாய் என்று கேட்கமாட்டார்கள், கேட்டாலும் வடக்கே என்பார்கள். இப்படிச் சொல்லிச் சொல்லியே அடுத்த ஊர்க்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் அந்த இடத்தைத் தெரியாமல் வைத்திருந்தார்கள்.

அப்போதுதான் படகிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு முதுகு எழும்பியது. பழுப்பாக, பெரிதாக, எண்ணெய் தேய்த்தது போல. புஸ்ஸென்று ஒரு மூச்சு. அதை ஒட்டி இன்னொரு முதுகு, சின்னது. இரண்டும் அமுங்கிப் போயின. நான் வாயைப் பொத்திக்கொண்டேன், இந்தத் தடவை வாந்திக்காக இல்லை. எங்கள் அலுவலகச் சுவரில் அதன் படத்தை ஐந்து மாதமாகப் பார்க்கிறேன். சாரே அதை நேரில் பார்த்ததில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அண்ணன் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டீங்க" என்றார். "இதையும் எழுதப்படாது. இது இங்கன மேயுதுன்னு தெரிஞ்சா ஒங்க ஆளுக எங்கள உள்ளயே விடமாட்டாங்க. அது வார வழிய விட்டுத்தான் நான் வல போடுறேன். அது பாட்டுக்கு வரும், போகும்."

சரி என்றேன். ஆவுளியாவைக் காப்பாற்றும் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவள், ஆவுளியாவைப் பார்த்ததை எழுதமாட்டேன் என்று நடுக்கடலில் ஒத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் பதினாலு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். வடக்கே கொஞ்சம் நீல வட்டம், தெற்கே கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம். ஒருத்தர் நண்டு பிடிக்கும் இடம் கரையைத் தாண்டி உள்ளே வந்து மீமிசல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விழுந்திருந்தது. நடுவில் மட்டும் கறுப்பின்மேல் கறுப்பாகப் பதினாலு வட்டம். செயற்கைக்கோள் படத்திலோ அதே இடம் அடர்த்தியாக, புல் இருப்பதற்கான எல்லா லட்சணத்தோடும் தெரிந்தது.

சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "புல்லும் இருக்கு, யாரும் போகவும் இல்ல! எவ்வளவு அதிர்ஷ்டம்!"

கடலில் இருந்தபோது கரையின் தண்ணித்தொட்டியும் செல்போன் டவரும் எந்தப் பக்கம் தெரிந்தன என்று எனக்கு ஞாபகம் இருந்தது. நான் போனது அந்தக் கறுப்புக்குள்தான். மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தது அங்கேதான்.

அந்தப் படத்தை நம்பி மட்டும் சார் முடிவெடுக்கவில்லை. முறையாக முக்குளிக்கத் தெரிந்த ஆட்களை அனுப்பிச் சோதித்தார். அவர்கள் போய் முங்கிப் பார்த்துவிட்டு, அருமையான புல், வலையோ மிதவையோ ஒன்றுகூட இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் போனது வெள்ளிக்கிழமை. அந்த ஊரில் வெள்ளிக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை, வியாழக்கிழமை காலையிலேயே வலையை எல்லாம் எடுத்து வந்துவிடுவார்கள். மற்ற நாளில் படகு வாடகைக்குக் கிடைக்காது, வெள்ளிக்கிழமைதான் சும்மா நிற்கும், அதனால் அரசாங்கம் எப்போது கடலுக்குப் போனாலும் வெள்ளிக்கிழமைதான் போகும். அரசாங்கத்தின் கடலில் ஒருநாளும் ஒரு வலையைக்கூடப் பார்க்க முடியாது.

அந்த அறிக்கை வந்த அன்றைக்கே நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நீங்க வலை போடுற எடத்தத்தான் மூடப் போறாங்க. வந்து சொல்லிருங்க."

"எந்த எடத்த?"

"நாம போனோமே, அங்க."

"அங்கன யாரும் போறதில்லயே தங்கச்சி."

"அண்ணே, நான் ஒங்க கூடத்தானே வந்தேன்!"

"நீங்க அன்னைக்குக் கெறக்கத்துல இருந்தீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கோபம் தலைக்கேறியது. இந்த மனுஷனுக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்கே காதில் பூ சுற்றுகிறார். எழுதமாட்டேன் என்றுதானே சத்தியம் பண்ணினேன், அவர் வீட்டில் பேசமாட்டேன் என்று இல்லையே. அக்காவைக் கூப்பிட்டேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றார் அக்கா. "வலையில சிக்கிட்டு வார புல்ல தெனம் பிய்க்கிறது யாரு? நாங்கதான. எந்தப் புல்லு எங்கிட்டு கெடக்குன்னு இந்த ஊர்ப் பொம்பளைக எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைகதான் ரகசியம்னு நெனச்சுக்கிட்டு இருக்காக."

"அவரச் சொல்லச் சொல்லுங்கக்கா. அத மூடிட்டா அப்புறம் எங்க போவாரு?"

"போறதுக்கு வேற எடம் இல்ல தங்கச்சி. அந்த எஞ்சின வச்சு அதுக்கு மேல போக முடியாது" என்றார் அக்கா. அந்தக் குரலில் கிண்டல் இல்லை. எனக்குக் கோபம் போய் பயம் வந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டம் மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. புரொஜெக்டர் கொண்டு போயிருந்தோம். கூடத்துக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது, வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் இரண்டு பேர் அச்சடித்த படத்தை வேட்டி காயவைப்பது போல விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். பதினாலு படகுக்காரர்களும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தூணோரம் நின்றார்கள். சார் தயாரித்து வந்ததை வாசித்தார்.

"மீனவப் பெருமக்களாகிய தங்களுக்கு எவ்வித இடையூறும் நேராவண்ணம், தாங்கள் ஒருவரும் செல்லாத பகுதியையே தேர்ந்தெடுத்துள்ளோம்."

கை தட்டினார்கள். தங்கள் பிழைப்பை மூடுவதற்குப் பதினாலு பேரும் கை தட்டினார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நண்டு பிடிக்கிறவர் எழுந்து நின்று, "நல்ல எடமாப் பாத்து எடுத்துருக்கீங்க சார். அங்கன ஈ காக்கா போகாது" என்று பாராட்டினார். சாருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"யாருக்கேனும் ஆட்சேபணை உண்டா?"

ஒருத்தர் கூரையைப் பார்த்தார். ஒருத்தர் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். அண்ணன் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், வாயில் கொழுக்கட்டை. யாராவது ஒருத்தர் சொன்னால் போதும், எல்லாரும் பிழைத்தார்கள். அந்த ஒருத்தர் தான் இல்லை என்பதில் பதினாலு பேரும் தெளிவாக இருந்தார்கள். சார் பேனாவின் மூடியைக் கழற்றினார். சத்தியமாவது ஒன்றாவது, எழுந்து சொல்லிவிடலாம் என்று பாதி எழுந்தும்விட்டேன்.

தூணோரத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"மூடுங்க சார், நல்லா மூடுங்க. நாளையிலேருந்து எங்க வீட்டு ஆளு சும்மாத்தான இருப்பாரு. எனக்கும் நண்டு ஒடைக்க ஆளு வேணும். வலையில புல்லுப் பிய்க்கிற வேலையும் மிச்சம். என்னங்கடி, ஒங்களுக்கும் மிச்சந்தான?"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் என் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் எழுந்தார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார்.

"நான் போறேன் சார் அங்க."

பஸ் ஸ்டாண்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "நீ வடக்கல்ல போறேன்னு சொன்ன?"

"ஒன் மஞ்ச மிதவ எனக்குப் பத்துப் பாகக் கயித்துத் தூரத்துலதான கெடக்கு? கெடக்கா இல்லயா?"

அவர் உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். "நானுந்தான் சார் போறேன்." அதற்குப் பின்னால் இன்னொருத்தர். அப்புறம் மூன்று பேர் ஒன்றாக. கல்யாணப் பந்தியில் முதல் ஆள் இலையை மடக்கியதும் வரிசையாக எழுவார்களே, அப்படி எழுந்தார்கள். சார் படத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், வெள்ளிக்கிழமை அறிக்கையைப் புரட்டினார். "அப்புறம் இந்தக் கறுப்பு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவருடைய நாலு கலரையும் அந்தப் பதினாலு பேரும் இப்படிப் பண்ணிவிட்டார்கள்.

ஆனாலும் மனுஷர் பேனாவை மூடி வைத்தார். அதற்காகவே அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். விசைப்படகுக்கும் பெரிய இழுவை வலைக்கும் அந்தப் பகுதி முழுக்க மூடல். இந்தப் பதினாலு பேர் கையால் போடும் நண்டு வலைக்கு மட்டும் அனுமதி, பெயர் எழுதிக்கொண்டு. எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். டீயும் வடையும் வந்தது. அதுவரை ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரியாமல் இருந்த மிதவைகளைப் பற்றி, எது யாருடையது, யார் கயிறு யார் கயிற்றோடு பின்னிக்கொண்டது என்று பல வருஷத்துக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்தார்கள். சார் டீ கிளாஸோடு அவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டார்.

நான் ஓரத்தில் மேசைமேல் படத்தைப் போட்டு, புது எல்லையைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தேன். அண்ணன் வந்து நின்றார். டீ குடித்திருக்கவில்லை.

"இது எல்லா ஊருக்கும் போகுமா தங்கச்சி?"

"போகும் அண்ணே. அச்சடிச்சு ஒவ்வொரு எறங்குதளத்துலயும் ஒட்டுவோம். விசைப்படகுக்காரங்களுக்கும் தெரியணும்ல."

"அப்ப எல்லாரும் பாப்பாக."

"பாப்பாங்க."

அவர் பென்சிலுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். படத்தின்மேல் குனிந்து, தண்ணித்தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்தார், டவர் இருக்கும் இடத்தில் இன்னொரு விரலை. பிறகு நான் வரைந்த பெரிய எல்லைக்கு நடுவில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். இந்தத் தடவை ரொம்ப நேரம் ஆகவில்லை.

"இத மட்டும் எல்லாருக்கும் மூடிருங்க. நண்டு வலைக்கும். யாரும் சொல்லாம இருந்த வரைக்கும் அது பாட்டுக்கு மேஞ்சுச்சு. இனி ஊரறிஞ்ச எடம். கண்டவனும் வந்து எட்டிப் பாப்பான்."

"என்ன மேயுதுன்னு எழுதணும் அண்ணே. காரணம் இல்லாம மூட முடியாது."

"எழுதுங்க. ஆவுளியா, குட்டியோட. நாஞ் சொன்னேன்னே எழுதுங்க."

எழுதினேன். சத்தியத்தை அவரே அவிழ்த்துவிட்டார் என்று மனசுக்கு அவ்வளவு லேசாக இருந்தது. எழுதி முடித்தபிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அன்றைக்கு அவர் வலை இழுத்த இடம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருந்தது.

"அண்ணே, ஒங்க வலை இதுக்குள்ளதான் கெடக்கு."

"நாளைக்கு எடுத்துருவேன்."

"ஒரு ஓரமாவது விட்டுக்குங்க. சார்கிட்ட நான் கேக்குறேன், ஒத்துக்குவாரு. மத்தவங்க மாதிரியா நீங்க? அது வார வழிய விட்டுத்தானே போடுறீங்க?"

அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார். சாரும் மற்றவர்களும் நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வழி விட்டுத்தான் தங்கச்சி போட்டேன். போன வருசம் ஒண்ணு என் வலையிலதான் செத்துச்சு."